நான்காம் கோர்: ஒரு தலைமையகம், மூன்று போர்கள்

போர் வரலாற்று நூல்களை வாசிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று உண்டு. எந்தத் தளபதியின் கீழ் எந்தெந்தப் படைகள் இருந்தன என்று கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணைதான் அது. ‘4-வது கோர்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு அந்த அட்டவணைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். 1944 மார்ச்சில் இம்பாலில் அதன் கீழ் இருந்தவை 17, 20, 23-வது இந்திய டிவிஷன்கள். ஓராண்டு கழித்து நடு பர்மாவில் 17 மட்டும் மிச்சம். மற்ற இரண்டின் இடத்தில் 7-வதும் 5-வதும். 1962 அக்டோபரில் ஒரே ஒரு டிவிஷன், அதுவும் உதிரி பாகங்களாக. 1971இல் 8, 23, 57-வது மலை டிவிஷன்கள். பெயர் ஒன்றுதான், ஒவ்வொரு போருக்கும் உடம்பு வேறு.

அப்படியென்றால் கோர் என்பது எங்கே இருக்கிறது? அதன் தலைமையகத்தில் இருக்கிறது. தளபதி, அவருடைய அலுவலர்கள், சிக்னல் கருவிகள், சரக்குக் கணக்கு, சாலைகளின் நேரப் பட்டியல், கையிருப்பில் வைத்திருக்கும் படை. கல்யாண மண்டபம் போலத்தான்: மண்டபம் நிற்கும், வந்து இறங்கும் குடும்பங்கள் மாறும். இந்த 4-வது கோர் மூன்று போர்களைக் கண்டது. ஒன்றில் தவறு செய்தும் தப்பித்தது, ஒன்றில் நொறுங்கியது, ஒன்றில் தனக்கு இட்ட எல்லையையும் தாண்டிப் பாய்ந்தது. மூன்றையும் தளபதிகளின் குணநலன்களை வைத்து விளக்குவதுதான் வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று நான்கு பட்டாலியன் சேர்ந்தால் பிரிகேட், சுமார் மூன்று பிரிகேட் சேர்ந்தால் டிவிஷன். இரண்டு முதல் நான்கைந்து டிவிஷன்களை ஒரு லெப்டினன்ட் ஜெனரலின் கீழ் வைத்தால் கோர். இதை ஐரோப்பாவில் நிலைநிறுத்தியவர் நெப்போலியன். 1805இல் அவருடைய பெரும்படை ஏழு கோர்களாகப் பிரிந்து வெவ்வேறு சாலைகளில் நடந்தது. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி மூன்றும் ஒவ்வொரு கோரிலும் இருந்ததால், தனியாக எதிரியிடம் மாட்டினாலும் அக்கம்பக்கத்துக் கோர்கள் வந்து சேரும்வரை ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். பிரிட்டிஷார் வழியாக இந்த முறை இந்தியாவுக்கு வந்தபோது தலைமையகம் ஜி, ஏ, க்யூ என மூன்று கிளைகளாகப் பிரிந்திருந்தது. சண்டையும் உளவும் ‘ஜி’. ஆள் கணக்கு, லீவு, சாவு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் ‘ஏ’. சோறு, குண்டு, பெட்ரோல், வண்டி ‘க்யூ’. பட்டாலியனில் இருக்கும் சிப்பாய்க்கு கோர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. தன் டிவிஷனின் சின்னத்தைத் தோளில் குத்திக்கொண்டு பெருமைப்படுவான். கோர் மாறினால் அவனுக்குச் செய்தியே அல்ல. ஆனால் இன்று அவன் தட்டில் விழும் சோறு குறைகிறது என்றால் அந்த முடிவு கோர் மட்டத்தில் எடுத்ததாக இருக்கும்.

4-வது கோர் தலைமையகம் 1940இல் இங்கிலாந்தில் ஆக்கின்லெக் தலைமையில் உருவானது. சீறும் யானை அதன் சின்னம். ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்த பிறகு 1942இல் அது இந்தியாவின் கிழக்கு எல்லைக்கு வந்தது. அந்த மே மாதம், ரங்கூனிலிருந்து சுமார் 900 மைல் பின்வாங்கிய படையை அதன் தளபதி ஸ்லிம் இம்பாலுக்கு அழைத்து வந்து இந்தக் கோரிடம் ஒப்படைத்தார். கிழிந்த உடையும் மலேரியாவுமாக வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு கசப்பானது. மழையில் கூடாரம்கூட இல்லாமல் மலைச்சரிவில் கிடந்தார்கள். அப்போதைய கோர் தளபதி இர்வினுக்கும் ஸ்லிமுக்கும் இடையே பகை நிலவியது. ஜூலையில் இர்வின் மேலே போக, ஜெஃப்ரி ஸ்கூன்ஸ் வந்தார்.

ஸ்கூன்ஸுக்குக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுக்கு மேலான அவகாசம். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களையெல்லாம் மறந்தாலும் இந்த அவகாசத்தை மறக்கக் கூடாது. திமாப்பூரிலிருந்து கொஹிமா வழியாக இம்பால் வரும் 130 மைலுக்கு மேலான மலைச்சாலை அகலமானது. சமவெளியில் விமானத் தளங்கள் எழுந்தன. தெற்கே டிட்டிம் வரையும் தென்கிழக்கே டாமு வரையும் பாதைகள் நீண்டன. கிடங்குகள், ஆஸ்பத்திரிகள், பட்டறைகள். சண்டை இல்லாத நாட்களில் கோர் தலைமையகம் செய்யும் வேலை இதுதான். வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முடகுச்சியின் 15-வது ராணுவம் மூன்று டிவிஷன்களுடன் சிந்த்வின் ஆற்றைத் தாண்டியது. இப்போது ஸ்கூன்ஸுக்கு மேலதிகாரியாக இருந்த ஸ்லிமின் திட்டம், முன்னால் நிற்கும் 17, 20-வது டிவிஷன்களை இம்பால் சமவெளிக்குள் இழுத்துக்கொண்டு, ஜப்பானியரைத் தங்கள் கிடங்குகளிலிருந்து தொலைவுக்கு வரவைத்து அங்கே மோதுவது. எந்த நாளில் இழுப்பது என்ற முடிவை அவர் ஸ்கூன்ஸிடம் விட்டார். ஸ்கூன்ஸ் தாமதித்தார். மார்ச் 13இல் 17-வது டிவிஷனுக்கு உத்தரவு போனபோது டிட்டிம் சாலையில் அதன் முதுகுப் பக்கம் ஜப்பானியர் உட்கார்ந்துவிட்டார்கள். அதை மீட்க, கையிருப்பிலிருந்த 23-வது டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளைத் தெற்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் வடகிழக்கிலிருந்து எதிரி இறங்கியபோது இம்பாலைக் காக்க அநேகமாக யாருமே இல்லை. சங்சாக் கிராமத்தில் 50-வது பாராசூட் பிரிகேட் தண்ணீர்கூடச் சரியாகக் கிடைக்காமல் மார்ச் 26 வரை நின்ற அந்தச் சில நாட்கள்தான் இடைவெளியை அடைத்தன. முடிவைத் தன் கையில் வைத்திருந்திருக்க வேண்டும் என்று ஸ்லிம் பிற்காலத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

பெரிய தவறுதான். அதற்கான விலையைக் கொடுக்கக் கோரிடம் கையிருப்பு இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 5-வது இந்திய டிவிஷன் அரக்கான் முனையிலிருந்து பீரங்கிகள், கோவேறு கழுதைகள் சகிதமாக டகோட்டா விமானங்களில் வந்து இறங்கியது. மார்ச் கடைசியில் கொஹிமா சாலை துண்டிக்கப்பட்டபோது உள்ளே சுமார் 1,55,000 மனிதர்களும் 11,000 விலங்குகளும் இருந்தார்கள். சண்டைக்கு வேண்டாத 40,000க்கும் மேற்பட்டவர்களையும் 13,000 அளவில் காயம்பட்டோரையும் நோயாளிகளையும் விமானங்கள் வெளியே கொண்டுபோயின. உள்ளே 12,000 அளவில் புதிய சிப்பாய்களைக் கொண்டுவந்தன. அரிசி, பெட்ரோல், குண்டு, கழுதைக்குத் தானியம் எல்லாம் பட்டியலிட்டு வந்தன. சிகரெட்டுக்கும் கணக்கு இருக்கிறது: 4 கோடிக்கும் மேல். முற்றுகைக்குள் இருக்கும் சிப்பாய்க்குப் புகையும் குண்டைப் போல ஒரு சப்ளைதான் என்று ‘க்யூ’ கிளையில் யாரோ சரியாகவே முடிவு செய்திருக்கிறார்கள்.

சண்டையின் உருவத்துக்கு ஒரு இடம் போதும். ஏப்ரல் 13, நுங்ஷிகும் குன்று. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் எழுந்து, கோர் தலைமையகத்துக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது, உச்சியில் ஜப்பானியர். இந்தச் சரிவில் டாங்க் ஏறாது என்பது பொதுவான எண்ணம். 3-வது கேரபினியர்ஸின் லீ டாங்குகள் ஒற்றையடி வரப்பு போன்ற முகட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின, பக்கத்தில் டோக்ரா ரெஜிமென்ட் காலாட்கள். சரிவு தெரிய வேண்டுமென்பதால் டாங்க் அதிகாரிகள் தலையை வெளியே நீட்டி வழி சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரிகள் அத்தனை பேரும் செத்தோ காயம்பட்டோ விழுந்த பின் ஒரு சார்ஜன்ட் மேஜர் தாக்குதலை நடத்தி முடித்தார். டாங்குகளைக் காட்டு எல்லைக்கு இழுத்து வந்து, எண்ணெய் ஊற்றி, பழுது பார்த்து வைத்திருந்த அமைப்பு இல்லாமல் இந்த வீரத்துக்கு இடமே வந்திருக்காது. ஜூன் 22இல் 109-வது மைல்கல்லில், கொஹிமா பக்கமிருந்து வந்த 33-வது கோரும் இம்பாலிலிருந்து சென்ற 5-வது டிவிஷனும் கைகுலுக்கின. ஜப்பானியரைக் கடைசியில் கொன்றது பெரும்பாலும் பசியும் நோயும்தான். மூன்று வாரச் சாப்பாட்டோடு புறப்பட்ட படை அது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான், கோர் என்பது எதனால் ஆனது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி. புதிய தளபதி மெசர்வியின் கீழ் 4-வது கோர் ரகசியமாகத் தெற்கே கங்காவ் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, ஐராவதியைக் கடந்து, ஜப்பானியரின் கிடங்கு நகரமான மெய்க்டிலாவைப் பிடிக்க வேண்டும். ஜப்பானியரோ அது வடக்கே மாண்டலேயை நோக்கி வருவதாக நம்ப வேண்டும். டாமுவில் ஒரு பொய்த் தலைமையகம் அமைந்தது. நிஜக் கோர் வாயைத் திறக்காமல் நடக்க, பொய்க் கோர் ரேடியோவில் ஓயாமல் பேசியது. வேறு கோருக்கு மாற்றப்பட்ட 19-வது டிவிஷனின் செய்திகள்கூட இந்தப் பொய்த் தலைமையகம் வழியாகவே போயின. ஒரு துப்பாக்கி இல்லாமல், சிக்னல்காரர்கள் சிலரை வைத்தே ஒரு முழுக் கோரை எதிரியின் வரைபடத்தில் நிறுத்த முடிந்தது.

நிஜக் கோர் நடந்த பாதைக்காக நீளநீளமான சணல் துணியைத் தாரில் நனைத்து மண் சாலைமேல் விரித்தார்கள். பிப்ரவரி 14இல் நியாங்கு அருகே 7-வது டிவிஷன் ஐராவதியில் இறங்கியது. முதல் படகுகளில் சில நடு ஆற்றில் எஞ்சின் நின்று எந்திரத் துப்பாக்கிக்கு இரையாயின. எதிர்க்கரையில் ஜப்பானியரோடு இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) நேரு ரெஜிமென்டும் ஜி.எஸ். தில்லான் தலைமையில் நின்றது. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். இந்தப் போரைத் தமிழன் வாசிக்கும்போது எந்தக் கரையில் நிற்பது என்ற சங்கடம் இங்கே வந்துவிடுகிறது. மார்ச் 3இல் மெய்க்டிலா விழுந்தது. அதை மீட்கத் தவித்த ஜப்பானியருக்கு வந்த சிக்கல் அமைப்புச் சிக்கல். வெவ்வேறு படைகளிலிருந்து ஓடி வந்த துண்டுகளை ஒருங்கிணைக்க ஜெனரல் ஹோண்டாவின் தலைமையகம் மார்ச் 18 அளவில்தான் பொறுப்பேற்றது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே அதற்குச் சரியாகத் தெரியாது, சிக்னல் வசதியும் போதாது. சண்டையின் நடுவில் தலைமையகத்தைக் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். பாடம் எதிர்த்தரப்பில் நடந்ததாலோ என்னவோ நம்மவர்கள் படிக்கவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே எண் உயிர்பெற்றது. 1962 செப்டம்பரில் வடகிழக்கு எல்லைப் பகுதி ஷில்லாங்கிலிருந்த 33-வது கோரின் பொறுப்பில் இருந்தது. அதன் தளபதி உம்ராவ் சிங். தக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களை அகற்ற வேண்டும் என்ற டில்லியின் கட்டளைக்கு, இவ்வளவு சரக்கு, இவ்வளவு பீரங்கி, இவ்வளவு குளிருடை வந்து சேராமல் முடியாது என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தார். கோர் தளபதி செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தார். டில்லி அவரை நீக்கவில்லை, அவரிடமிருந்த இடத்தைப் பிடுங்கியது. அந்த எல்லைப் பகுதிக்கென்று புதிதாக 4-வது கோர் ஒன்றை அறிவித்து, அதற்குத் தலைவராக, போரில் படை நடத்திய அனுபவம் இல்லாத பி.எம். கௌலை நியமித்தது. அக்டோபர் 4இல் கையில் கிடைத்த சில அதிகாரிகளோடு கௌல் தேஜ்பூரில் விமானத்திலிருந்து இறங்கினார். கோர் பிறந்துவிட்டது.

அதன் பீரங்கிப் பிரிவு எது? பொறியாளர்கள்? சப்ளைக் கிடங்கு? பேருக்குக்கூட ஒன்றும் கிடையாது. 4-வது டிவிஷனின் தலைக்குமேல் இன்னொரு தலை வைத்தார்கள், அவ்வளவுதான். கௌல் தேஜ்பூரில் உட்கார்ந்து அமைப்பைக் கட்டவில்லை. நேரே மலையேறி, ஜான் டால்வியின் 7-வது பிரிகேட் நின்ற நம்கா சூ ஓடைக்கே போனார். அங்கே சிப்பாய்கள் பருத்தி உடையில், ஆளுக்கு ஐம்பது ரவுண்டு அளவில் தோட்டாவோடு நின்றார்கள். வானிலிருந்து போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி பள்ளத்தில் காணாமல் போனது. கோர் தளபதி அங்கிருந்து டில்லிக்கு நீண்ட செய்திகள் அனுப்பினார். துணிச்சல் என்று இதைச் சிலர் பாராட்டுவதுண்டு. கோர் தளபதி ஒரு பிரிகேடின் அகழியில் இருக்கிறார் என்றால் அந்த நேரத்தில் கோருக்குத் தளபதி இல்லை என்றுதான் பொருள்.

அக்டோபர் 10இல் சீனரோடு நடந்த மோதலுக்குப் பின் கௌல் டில்லி போனார், திரும்பினார், நோயுற்று மறுபடி டில்லி போனார். படுக்கையிலிருந்தபடியே கோரை நடத்த முயன்றார். அக்டோபர் 20 அதிகாலை சீனத் தாக்குதல் வந்து 7-வது பிரிகேட் சில மணி நேரத்தில் சிதறியது, டால்வி சிறைப்பட்டார். இடையில் ஹர்பக்ஷ் சிங் பொறுப்பேற்று சேலா கணவாயில் உறுதியாக நிற்க ஏற்பாடு தொடங்கினார். ஐந்தாறு நாளில் கௌல் திரும்பிவர, அவர் இறங்கிப் போனார்.

நவம்பர் 17 இரவு. சேலா, 13,000 அடிக்கு மேல் உள்ள கணவாய். அங்கே ஒரு முழு பிரிகேட், நல்ல நிலை, தின்னச் சோறு. பின்னால் திராங்கில் இருந்த டிவிஷன் தளபதி ஏ.எஸ். பட்டானியா, பின்வாங்க அனுமதி கேட்டுத் தேஜ்பூரைத் தொலைபேசியில் அழைக்கிறார். கோர் தளபதி இடத்தில் இல்லை. கிழக்கே வாலாங் முனைக்குப் பறந்திருக்கிறார். அறையில் ராணுவத் தலைமைத் தளபதி தாப்பர் இருக்கிறார், கிழக்குக் கமாண்ட் தளபதி சென் இருக்கிறார். இருவருமே முடிவு சொல்லவில்லை. கௌல் திரும்பி வந்து, நில் என்றும் முடியாவிட்டால் வா என்றும் ஒரே நேரத்தில் பொருள்படும் உத்தரவைப் போட்டார். விடிவதற்குள் சேலா காலியாகத் தொடங்கியது. பின்வாங்கிய அணிகள் வழியில் பதுங்கியிருந்த எதிரியிடம் மாட்டின. பிரிகேட் தளபதி ஹோஷியார் சிங் கொல்லப்பட்டார். பொம்டிலாவும் போனது. கோர் தலைமையகம் கௌஹாத்திக்கு நகர, தேஜ்பூர் ஊரே காலியானது. வங்கியின் நோட்டுகளை எரித்தார்கள். நவம்பர் 21இல் சீனா தானே போர்நிறுத்தம் அறிவித்தது.

இம்பாலோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: முன்னால் நிற்கும் படையை எப்போது பின்னால் இழுப்பது? இரண்டு இடத்திலும் கோர் தளபதி சொதப்பினார். ஸ்கூன்ஸின் சொதப்பலுக்கு ஈடுகட்டக் கையிருப்பு, விமானம், சாலை, பழகிய அலுவலர்கள் இருந்தார்கள். கௌலிடம் ஆறு வாரத் தலைமையகம்தான் இருந்தது. அவரை மட்டும் கூண்டில் ஏற்றும் எழுத்துகளை வாசிக்கும்போது, அந்த நாற்காலியில் ஸ்லிமை உட்கார வைத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஸ்லிமாக இருந்தால், உம்ராவ் சிங் எழுதிய கடிதத்தையே மறுபடி எழுதியிருப்பார்.

தோல்விக்குப் பின் தேஜ்பூருக்கு வந்தவர் சாம் மானெக்ஷா. அதற்குமுன் நீலகிரி வெலிங்டனில் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ஜி, ஏ, க்யூ வேலைகளுக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் இடமே அதுதான். அந்த ஊரின்மேல் அவருக்கு விழுந்த பிடிப்பு விடவில்லை. ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியிருந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார்.

1971இல் அவர் தலைமைத் தளபதி. ஏப்ரலில் பாகிஸ்தானோடு போருக்குத் தயாரில்லை என்று அவர் சொன்னது பிரபலம். அந்த மறுப்பால் 4-வது கோருக்குக் கிடைத்தது என்ன என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எட்டு மாதம் கிடைத்தது. கிழக்கு பாகிஸ்தானின் கிழக்கு எல்லையில் தாக்க வேண்டிய இடம் திரிபுரா. மீட்டர் கேஜ் ரயில் தர்மநகரோடு முடிந்துவிடும், அதற்குப் பின் மலைவழியாக ஒற்றைச் சாலை. மூன்று டிவிஷன்களுக்கான சரக்கு அந்தச் சாலையில் மழைக்காலம் முழுக்க ஊர்ந்தது. 8-வது டிவிஷன் நாகாலாந்திலும் 57-வது மிசோ மலைகளிலும் கிளர்ச்சிக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தவை. டிசம்பரில் இமயக் கணவாய்களைப் பனி மூடியதும் சீனப் பயமும் குறைந்தது. தெலியாமுராவில் கோர் தலைமையகம் அமைந்தது. தளபதி சகத் சிங்.

அவருக்கு இட்ட வேலை மேக்னா ஆற்றின் கிழக்குக் கரை வரைக்கும்தான். டிசம்பர் 9இல் பின்வாங்கிய பாகிஸ்தானியர் அஷுகஞ்ச் ரயில் பாலத்தைத் தகர்த்தபோது அவர் அதைத் தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. குரூப் கேப்டன் சந்தன் சிங்கின் எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் பிராமண்பாரியாவிலிருந்து 311-வது பிரிகேடின் ஆட்களை ராய்ப்புராவுக்குத் தூக்கிப்போய் இறக்கின. நடைக்குமேல் நடை, இரவும் பகலும். நீந்தும் பிடி-76 டாங்குகள் அவ்வளவு அகலத்தில் சூடேறி நின்றுவிட, நாட்டுப் படகுகள் அவற்றை இழுத்தன. பீரங்கிகளையும் குண்டுகளையும் கடத்திவிட ஊர் மக்கள் தோள் கொடுத்தார்கள். மேலே இருந்த கிழக்குக் கமாண்ட் தளபதி அரோராவுக்கு இதில் உடன்பாடு இல்லை, வாக்குவாதம் நடந்தது. சகத் சிங் விடவில்லை. அவருடைய துணிச்சலை நானும் மெச்சுகிறேன். ஆனால் ஹெலிகாப்டர்கள் அந்த நாளில் அந்த முனையில், எரிபொருளோடு நின்றதற்குப் பின்னால் எட்டு மாதச் சாலை இருக்கிறது.

எதிர்த்தரப்பில் பாகிஸ்தான் தளபதி நியாஸிக்கு கோர் மட்டமே கிடையாது. டாக்காவிலிருந்த ஒரே தலைமையகம், ஆறுகள் கூறுபோட்ட நாடு முழுக்கச் சிதறிய டிவிஷன்களை நேரடியாக நடத்த முயன்றது. போதாததற்கு 36, 39 என்று இரண்டு டிவிஷன்களைப் புதிதாக அறிவித்தது. பெயர்ப் பலகைதான் புதிது, ஆள் பழையவர்களே. சாந்த்பூரிலிருந்த 39-இன் தளபதி ரஹீம் கான் படகில் டாக்காவுக்குத் தப்பும்போது காயம்பட்டார். தேஜ்பூர் 1962 இங்கே வேறு கொடியின் கீழ் மறுபடி நடந்தது.

டிசம்பர் 16 காலை டாக்காவின் வாசலான மீர்ப்பூர் பாலத்துக்கு முதலில் வந்தவர்கள் 4-வது கோர் ஆட்கள் அல்ல. வடக்கிலிருந்து இறங்கிய 101 கம்யூனிகேஷன் ஸோன் ஏரியா என்ற அமைப்பின் படை அது. பெயரே சொல்வதுபோல் பின்னணி நிர்வாகத்துக்காக உண்டானது. அவசரத்துக்குப் போர்முனை கொடுக்கப்பட்டது. அதன் தளபதி கில் கண்ணிவெடியில் காயம்பட, நாக்ரா பொறுப்பேற்று வந்திருந்தார். உதிரி அமைப்பு வெல்லவே முடியாது என்று சொல்லிவந்த எனக்கு இது கொஞ்சம் இடிக்கிறதுதான். கிழக்கே மேக்னாவைத் தாண்டி வந்த ஒரு முழுக் கோர் நகரத்தை நெருக்கிக்கொண்டிருந்ததையும், நாக்ராவின் பாதையில் டாங்காயிலில் ஏற்கெனவே பாராசூட் பட்டாலியன் ஒன்று குதித்திருந்ததையும் கூட்டிக்கொண்டு பார்த்தால் அவ்வளவாக இடிக்காது. மாலையில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானபோது சகத் சிங்கும் அங்கே நின்றார். ஓரிரு மாதங்களில் டிவிஷன்கள் தத்தம் மலைகளுக்குத் திரும்பின, கோர் தலைமையகம் தேஜ்பூருக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கஜராஜ் கோர் என்று பெயர்.